புதிதாக ஜெயித்த நகரசபை கவுன்சிலர்: முதல் சில மாதம் எதில் கை வைப்பது?

புழையோரம்
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் வீடுகள் நிறைய உள்ள ஒரு நகரசபையில் இந்த முறை கவுன்சிலராக வந்திருக்கிறேன். 2025 டிசம்பர் 11 வாக்குப்பதிவு, 13 எண்ணிக்கை, 21 ஞாயிற்றுக்கிழமை பதவியேற்பு, 26 சேர்மன் தேர்தல் என்று எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது. இதற்கு முன் குடும்பஸ்ரீயில் (கேரள அரசின் மகளிர் குழு அமைப்பு) வார்டு அளவிலான ஏ.டி.எஸ். பொறுப்பில் இருந்தேன். அதனால் வார்டில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியும். ஆபீஸுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

விடிந்ததும் போன் ஆரம்பித்துவிடுகிறது. தெருவிளக்கு, பென்ஷன், சாக்கடை, குழாயில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டு மாமரக் கிளை வரைக்கும். இன்னொரு பக்கம் கவுன்சில் கூட்டத்துக்கு அஜெண்டா கட்டாக வருகிறது, முழுக்க மலையாளத்தில். பேச்சு மலையாளம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆபீஸ் மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் ஒவ்வொரு பொருளும் 'பாஸ், பாஸ்' என்று ஓடுகிறது. நான் எதிர்க்கட்சி வரிசை வேறு.

போனில் வருவதை முதலில் பார்ப்பதா, ஆபீஸ் விஷயத்தைப் படிப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் வார்டு எண்ணும் கேட்காதீர்கள்.

செங்கோட்டை_மேற்கு
வாழ்த்துகள் அக்கா. நான் மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கவுன்சிலர். நாங்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2. போட்ட சால்வையை மடித்து வைப்பதற்குள் ஏப்ரல் 1ஆம் தேதி சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே 100 சதவீதம். முடிவு எடுத்தது சென்னையில். மன்றத்தில் தீர்மானம் போட்டது நாங்கள். தெருவில் ஏச்சு வாங்கியதும் நாங்கள்தான்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கவுன்சிலருக்கு முதல் வேலை படிப்பதுதான் என்று. தீர்மான நகலை முதல் நாளே வாங்கிப் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களால் மட்டும்தான் தெருவில் நின்று 'இன்ன அளவு வீட்டுக்கு இவ்வளவுதான் கூடும்' என்று பதில் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் பின்வாசல் வழியாகப் போய் வந்தார்கள்.

எல்லைக்கடை
அக்கா, நான் மீனாட்சிபுரம் பக்கம் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாநில கவுன்சிலர்களும் என் கடையில் டீ குடித்திருக்கிறார்கள். ஓட்டுப் போட்டவனுக்கு மினிட்ஸும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். லைட் எரிய வேண்டும், சாக்கடை ஓட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பத்து லைட் எரிய வையுங்கள். மீதி வருடத்துக்கு உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். படித்துப் படித்து மேஜையைத் தட்டினவர்கள் எல்லாம் அடுத்த முறை டெபாசிட் இழந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய_செக்‌ஷன்
மேடம், கேரளத்தில் நகரசபை செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே நண்பர் சொன்ன பத்து லைட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதுக் கவுன்சிலர்கள் முதலில் இடறி விழுவது அங்கேதான்.

கம்பம் கே.எஸ்.இ.பி. (கேரள மின் வாரியம்) சொத்து. விளக்கும் அதன் கரண்ட் பில்லும் நகரசபை தலையில். விளக்கு எரிய கம்பத்தில் ஸ்ட்ரீட் மெயின் என்று தனியாக ஒரு கம்பி ஓட வேண்டும். அது இல்லாத கம்பத்தில் எவ்வளவு நல்ல பல்பைக் கொண்டுபோனாலும் மாட்ட முடியாது. அந்தக் கம்பியை இழுக்க நகரசபை கே.எஸ்.இ.பி.யில் பணம் கட்ட வேண்டும். அதற்கு எஸ்டிமேட், எஸ்டிமேட்டுக்குத் திட்டத்தில் இடம். ஆகவே 'லைட் இல்லை' என்று போனில் வரும் புகார் இரண்டு வகை. பல்பு போயிருந்தால் பராமரிப்பு எடுத்தவரிடம் கம்ப எண்ணைச் சொன்னால் சில நாளில் முடிந்துவிடும். கம்பியே இல்லையென்றால் ஒரு வருஷம்கூட ஆகலாம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு 'பார்க்கிறேன், பார்க்கிறேன்' என்றால் ஆறு மாதத்தில் நீங்கள் பொய் சொல்கிறவர் என்று பெயர் வரும். ஒரு சாயங்காலம் வார்டு முழுக்க நடந்து, அண்ணாந்து பார்த்துக் கம்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது, போனில் வருவதில் பாதி உங்கள் ஆபீஸ் வேலையே இல்லை. குழாய்த் தண்ணீர் வாட்டர் அத்தாரிட்டி. ரேஷன் கார்டு தாலுகா சப்ளை ஆபீஸ். வருமானச் சான்று, சாதிச் சான்று வில்லேஜ் ஆபீஸ். பெரிய ரோடு பி.டபிள்யூ.டி., பாசனக் கால்வாய் இரிகேஷன். பிறப்பு இறப்புப் பதிவு, கட்டிட அனுமதி, வீட்டு வரி, கடை லைசென்ஸ், பென்ஷன் விண்ணப்பம், உள்தெரு, சாக்கடை, குப்பை, இவைதான் நகரசபை. மற்ற ஆபீஸ் வேலைக்கும் ஜனங்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், மறுக்க முடியாது. ஆனால் எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாலே அவர்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

மூன்றாவது ஆஸ்தி ரெஜிஸ்டர், அதாவது நகரசபையின் சொத்துப் பதிவேடு. இதை யாரும் புதுக் கவுன்சிலருக்குச் சொல்லித் தருவதில்லை. பராமரிப்பு நிதியை அந்த ரெஜிஸ்டரில் ஏறிய ரோட்டுக்குத்தான் செலவழிக்க முடியும். ஜனங்கள் முப்பது வருஷமாக நடக்கிற சந்து அதில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது யாரோ ஒருவருடைய தோட்டம். ஓரத்து வீட்டுக்காரர்கள் நிலத்தை எழுதிக் கொடுத்து, கவுன்சில் ஏற்றுக்கொண்டு, ரெஜிஸ்டரில் ஏறினால்தான் அடுத்த கட்டம். தேர்தலில் நீங்கள் சத்தியம் செய்து கொடுத்த சந்து எதுவாவது இருந்தால் நாளைக்கே போய் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நான்காவது ஸ்பில் ஓவர் பட்டியல். போன கவுன்சில் பாஸ் பண்ணி, முடியாமல் கிடக்கும் வேலைகள். இந்த முறை வார்டு எல்லை மாற்றிப் போட்டார்கள் இல்லையா? பழைய வார்டு எண்ணில் அனுமதியான வேலை, இப்போது உங்கள் தெருவில் இருக்கலாம். அந்தப் பழைய கவுன்சிலருக்கு அது இனி தேவையில்லை. உங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியே கிடந்து மார்ச் 31க்குப் பிறகு இன்னும் பின்னால் போகும். நான் ஆபீஸில் இருந்த காலத்தில் இப்படி அநாதையாகக் கிடந்த பைல்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கடை
சார் சொல்வது சரிதான். ஆனால் இதெல்லாம் தெரிந்த கிளார்க்குகள் ஏன் கவுன்சிலர் கேட்கும் வரை வாயைத் திறப்பதில்லை?

பழைய_செக்‌ஷன்
கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் சொன்னால் 'எதிர்க்கட்சிக்காரிக்கு எடுத்துக் கொடுத்தாயா' என்று மறுநாள் சீட் மாறும். ஆபீஸ் வழக்கம் அது.

ஒலவக்கோடு_ஜங்ஷன்
கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவை பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 ஜனவரி 1 முதல் நகரசபைகளில் விண்ணப்பம் எல்லாம் அதில்தான். வீட்டில் இருந்தபடியே பதிவு செய்யலாம், பைல் யார் மேஜையில் நிற்கிறது என்றும் தெரியும். அக்கா, நீங்களே போனில் போட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பேருக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லலாம்.

எல்லைக்கடை
தம்பி, எங்கள் பக்கம் 70 வயசுப் பாட்டிக்கு ஓடிபி வந்தால் அதை வாசிக்க ஆள் தேட வேண்டும்.

ஒலவக்கோடு_ஜங்ஷன்
அதனால்தான் சொல்கிறேன். ஏ.டி.எஸ்.ஸில் இருந்தவருக்கு அயல்கூட்டத்தில் (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கக் குழு) பிளஸ் டூ படித்த பெண் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா?

புழையோரம்
எல்லோருக்கும் நன்றி. பழைய செக்‌ஷன் சார் சொன்னபடி ஆஸ்தி ரெஜிஸ்டர் கேட்டேன். 'எதுக்கு மேடம்?' என்று சிரித்தார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டதும் காட்டினார்கள். நான் வாக்குக் கொடுத்த சந்து அதில் இல்லை. ஓரத்தில் ஒன்பது வீடு. எட்டு வீட்டுக்காரர்கள் எழுதித் தரத் தயார், ஒன்பதாவது வீட்டுக்காரர் கோயம்புத்தூரில். அது ஒரு பக்கம் போகட்டும்.

எனக்கு இப்போது வார்டு சபைதான் (வார்டு வாக்காளர்கள் எல்லோரும் கூடும் கூட்டம்) கவலை. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குக் கூட்ட வேண்டும் என்கிறார்கள். ஏ.டி.எஸ்.ஸில் இருக்கும்போது ஆள் கூட்டி வருவது என் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். இப்போது நானே கன்வீனர்.

கொழிஞ்சாம்பாறை_வாசி
சகோதரி, நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தவள். எங்களுக்குக் கிராம சபை. ஒரு லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள நகரசபைக்கு வார்டு சபை. சாரம் ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டியாக வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து கூட்டாமல் விட்டால் மெம்பர் பதவியே போகும் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே கூட்டுவதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை.

ஆள் எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். ஆடு, கோழி, வீடு, கிணறு என்று தனிநபர் உதவிக்குப் பட்டியல் எடுக்கும் சபைக்கு இடம் கொள்ளாமல் வருவார்கள். வரவு செலவு பேசும் சபைக்கு ஈ ஆடும். நான் என்ன செய்தேன் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வைத்தேன், பட்டியலைக் கடைசியில் வைத்தேன். முதல் ஒரு மணி நேரம் போன வருஷம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு பணம் போனது என்று வாசித்தேன். முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு பெரியவர் எழுந்து, 'இந்தச் சாக்கடை போட்டதாகச் சொன்னாயே, அது எந்தப் பக்கம் இருக்கிறது?' என்று கேட்டார். அதற்கப்புறம் யாரும் கிளம்பவில்லை.

பட்டியல் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சபையில் மார்க் போட்டு வரிசைப்படுத்திய பிறகு அந்த வரிசையை மேலே யாரும் மாற்றக் கூடாது. மாற்றச் சொல்லிப் போன் வரும், உங்கள் கட்சியிலிருந்தே வரும். மினிட்ஸை அன்று மாலையே எழுதி, வந்தவர்களில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு எந்தப் போனுக்கும் 'சபை முடிவு, என் கையில் இல்லை' என்று சொல்லிவிடலாம்.

செங்கோட்டை_மேற்கு
இது எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது. தமிழ்நாட்டு நகராட்சிகளில் பகுதி சபை என்பதே 2022 நவம்பர் 1இல்தான் முதல்முறையாகக் கூடியது. வந்தவர்கள் மனு கொடுத்தார்கள், போனார்கள். பட்டியல் எடுக்கும் அதிகாரம் இல்லாத சபைக்கு ஜனம் எதற்கு வரும்? கேரளத்தில் 1996 மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கியதால்தான் சபைக்கு ஒரு மரியாதை. எங்கள் ஊரும் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம்தான் இருந்தது என்று கூட்டத்தில் ஒரு தடவை வேடிக்கையாகச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நகரி_பஸ்
ஆந்திராவில் இருந்து ஒரு தமிழன். எங்கள் பக்கம் கதை தலைகீழ். 2019 அக்டோபர் 2இல் வார்டு சச்சிவாலயம் (வார்டிலேயே ஓர் அரசு அலுவலகம்) வந்தது, கவுன்சிலர்கள் 2021 மார்ச்சில்தான் வந்தார்கள். அதற்குள் சான்று, பென்ஷன், குழாய் எல்லாவற்றுக்கும் ஜனம் சச்சிவாலயத்துக்குப் போகப் பழகிவிட்டது. முதியோர் பென்ஷன் 4,000 ரூபாய் மாதப் பிறப்பன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. பாட்டிக்கு ஓடிபி தொல்லையும் இல்லை, கவுன்சிலர் தயவும் வேண்டாம். எங்கள் தெரு கவுன்சிலரைக் கல்யாண வீட்டில்தான் பார்ப்போம். நல்லவர், மொய் மட்டும் ஒழுங்காக வைப்பார்.

கேள்வி: போனில் வரும் வேலையை ஆபீஸே ஒழுங்காகச் செய்துவிட்டால், கவுன்சிலர் எதற்கு?

பழைய_செக்‌ஷன்
நல்ல கேள்வி. பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்கு. நூறு வேலைக்கு விண்ணப்பம் இருக்கும், பதினைந்துக்குத்தான் பணம் இருக்கும். அந்தப் பதினைந்து எவை என்பதை சச்சிவாலயத்துக்காரர் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இங்கே ஒர்க்கிங் குரூப் (துறைவாரித் திட்டக் குழு), வார்டு சபை, விகசன செமினார் (வளர்ச்சிக் கருத்தரங்கு), கவுன்சில், அப்புறம் மாவட்டத் திட்டக் குழு என்று படிப்படியாகப் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு தெரு பட்டியலில் இருந்து உதிரும். உதிரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் கவுன்சிலர். ஒர்க்கிங் குரூப் கூட்டத்துக்கு ஜனவரி மதியம் மூன்று மணிக்கு நாலு பேர்தான் வருவார்கள், மேடம். கேமராவும் கிடையாது, டீயும் ஆறிப்போயிருக்கும். உங்கள் வார்டு சாக்கடை அடுத்த வருஷம் வருமா வராதா என்பது அங்கே முடிவாகிவிடும். கவுன்சில் ஹாலில் சத்தம் போடுவது அதற்கு அப்புறம்தான்.

கொழிஞ்சாம்பாறை_வாசி
நகரி நண்பருக்கு இன்னொரு பதிலும் உண்டு. நம்ம பெருமாட்டிப் பஞ்சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாச்சிமடையில் 2000இல் கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று மயிலம்மா மாதிரி ஆதிவாசிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. அந்த லைசென்ஸ் வருமானம் பஞ்சாயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று உறுப்பினர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேஸ் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று போய், 2017இல் கம்பெனியே திரும்பத் திறக்கும் எண்ணம் இல்லை என்று சொல்லி முடித்தது.

நான் சொல்ல வருவது, லைசென்ஸ் புதுப்பிப்பது அஜெண்டாவில் ஒரு வரி. 'பாஸ், பாஸ்' என்று ஓடுகிற வரிகளில் ஒன்று.

எல்லைக்கடை
எல்லா வார்டிலும் கோலா கம்பெனி இல்லை அம்மா.

கொழிஞ்சாம்பாறை_வாசி
இல்லைதான். கோழிப் பண்ணை இருக்கும், செங்கல் சூளை இருக்கும், கள்ளுஷாப்பு இருக்கும், ஜல்லி கிரஷர் இருக்கும்.

லோயர்கேம்ப்
நானும் பெண் கவுன்சிலர்தான், தேனிப் பக்கம். யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். அக்கா, ஆபீஸுக்கு உங்கள் வீட்டுக்காரர் வருகிறாரா? இங்கே எங்கள் மன்றத்தில் பல பேருக்கு வீட்டுக்காரர்தான் 'கவுன்சிலர்'. வண்டியில் பெயர்ப் பலகை அவருக்கு, ஒப்பந்தக்காரர் பேசுவது அவரிடம், கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. என் வீட்டிலும் முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் ஒரு நாள் ஏ.இ.யிடமே (உதவிப் பொறியாளர்) சொல்லிவிட்டேன், 'என் வார்டு விஷயத்தை என்னிடம் பேசுங்கள், அவருக்கு மளிகைக் கடை இருக்கிறது' என்று. வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. போகட்டும்.

புழையோரம்
லோயர்கேம்ப் சகோதரி, சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. எனக்குத் தொல்லை அங்கிருந்து இல்லை. கட்சியில் ஒரு மூத்தவர், எந்தப் பொருளுக்குக் கை தூக்க வேண்டும் என்று முதல் நாள் ராத்திரி போனில் சொல்வார். பொருள் என்ன என்று கேட்டால் 'அது உனக்கு எதுக்கும்மா' என்பார். கேரளத்தில் 2010 தேர்தலிலிருந்து பாதி இடம் பெண்களுக்கு. பதினைந்து வருஷம் கழித்தும் இதுதான் நிலைமை.

லோயர்கேம்ப்
பொருளைப் படித்துவிட்டு அவருக்கு முன்னால் நீங்கள் போன் செய்யுங்கள். 'பதினாலாவது பொருளில் எஸ்டிமேட் கூடியிருக்கிறது, நாம் என்ன சொல்லப்போகிறோம்?' என்று கேளுங்கள். இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது தடவை அவரே 'நீயே பார்த்துக்கோ' என்பார். எனக்கு அப்படித்தான் ஆனது.

பழைய_செக்‌ஷன்
படிக்கும் விஷயத்தில் மேடத்துக்கு ஒன்று. அஜெண்டாவில் நாற்பது பொருள் இருந்தாலும் படிக்க வேண்டியவை ஏழெட்டுதான். 'எஸ்டிமேட் திருத்தம்', 'கால நீட்டிப்பு', 'ஒற்றை டெண்டர்', 'சேர்மன் முன்கூட்டி வழங்கிய அனுமதிக்கு ஒப்புதல்' என்று வருபவை. பென்ஷன் பட்டியல் வந்தால் உங்கள் வார்டுப் பெயர்கள் மட்டும். மற்றதைப் புரட்டினால் போதும். உடன்பாடு இல்லையென்றால் கத்த வேண்டாம். வியோஜனக் குறிப்பு (மறுப்புக் குறிப்பு) எழுத்தில் கொடுத்து, அது மினிட்ஸில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். ஆடிட் வரும்போது கை தூக்கியவர்கள் பெயரும் வரும். குறிப்புக் கொடுத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆபீஸ் மலையாளம் ஒரே மாதிரி முப்பது நாற்பது சொல்தான் சுற்றிச் சுற்றி வரும், இரண்டு கூட்டத்தில் பழகிவிடும். திருச்சூர் முளங்குன்னத்துக்காவில் கிலாவில் (உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம்) பயிற்சி வைப்பார்கள், தவறாமல் போங்கள். சாப்பாடும் நன்றாக இருக்கும்.

மூலத்தறை_மதகு
மொழி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் தாலுகாவில் தமிழில் மனு கொடுத்தால் 'மலையாளத்தில் எழுதி வா' என்று திருப்பி அனுப்புகிற மேஜைகள் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அரசியலமைப்பின் 350ஆவது பிரிவும் அதற்குத் துணை. புதுக் கவுன்சிலர் இதில் முதல் தீர்மானம் கொண்டுவர வேண்டும். நகரசபைப் பலகைகள், வார்டு சபை நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் வேண்டும்.

எல்லைக்கடை
தீர்மானம் போட்டு பேப்பரில் வரும். பாட்டிக்கு பென்ஷன் வருமா?

மூலத்தறை_மதகு
பாட்டிக்கு பென்ஷன் நின்றதே நோட்டீஸ் புரியாமல்தான். வருஷா வருஷம் அக்ஷயா சென்டரில் (இ-சேவை மையம்) போய் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதைப் பதிவது) செய்யாவிட்டால் பணம் நிற்கும் என்று மலையாளத்தில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்கு நின்றது. 1,600 ஆக இருந்தது 2025 நவம்பரிலிருந்து 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது, அந்த வீட்டில் அதுதான் அரிசி.

எல்லைக்கடை
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். நோட்டீஸ் மட்டும் போதும், தீர்மானம் வேண்டாம்.

புழையோரம்
வார்டு சபை நோட்டீஸை நானே கன்வீனர் என்பதால் இரண்டு மொழியிலும் அடிக்கிறேன். இதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. தீர்மானம் கொண்டுவந்தால் அது கட்சிச் சண்டையாகத் திரும்பும். சேர்மனிடம் முதலில் நேரில் பேசிப் பார்க்கிறேன்.

ஒலவக்கோடு_ஜங்ஷன்
குப்பை? எல்லோரும் நழுவுகிறீர்கள்.

புழையோரம்
நழுவவில்லை தம்பி, அதுதான் வார்டில் பெரிய சண்டை. ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வருவார்கள். பத்தில் மூன்று வீடு காசு தருவதில்லை. 'நாங்கள் பிளாஸ்டிக்கே வாங்குவதில்லை' என்பார்கள், வாசலில் பால் கவர் கிடக்கும். அந்தப் பாக்கியை வரிப் பாக்கி மாதிரி வசூலிக்கலாம் என்று இப்போது சட்டத் திருத்தமே இருக்கிறது. வீட்டு வரியும் 2023இல் இருந்து வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்து என்னிடம் கேட்கிறார்கள். சேனையில் இருப்பவர்கள் என்னோடு அயல்கூட்டத்தில் இருந்த பெண்கள். அவர்களுக்குச் சம்பளமே இந்தக் காசுதான். நான் அவர்கள் பக்கம்தான், ஓட்டுப் போனாலும் சரி. ஆனால் எடுத்த குப்பை லாரி வராமல் தெருமுனையில் வாரக்கணக்கில் மூட்டையாகக் கிடப்பதற்கு நகரசபை பதில் சொல்லியாக வேண்டும். அதைத்தான் ஹெல்த் கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

செங்கோட்டை_மேற்கு
'ஓட்டுப் போனாலும் சரி' என்பதை முதல் வருஷத்தில் எல்லோரும் சொல்வோம், அக்கா :)

பழைய_செக்‌ஷன்
அவருக்கு அது எளிது. பெண்கள் வார்டு, பொது வார்டு என்று சுழற்சியில் மாறும். அடுத்த முறை அதே வார்டு கிடைப்பது சந்தேகம். மோசமான கவுன்சிலருக்கு அது அலட்சியத்தைத் தரும், நல்லவருக்குத் தைரியத்தை.

புழையோரம்
ஒரு செய்தி. ஸ்பில் ஓவர் பட்டியல் கிடைத்தது. சார் சொன்னது அப்படியே இருக்கிறது. என் வார்டில் மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெருவுக்கு, பழைய வார்டு எண்ணில், சாக்கடை வேலை போன கவுன்சிலிலேயே அனுமதியாகி, டெண்டரும் முடிந்திருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. ஒப்பந்தக்காரர் வரவே இல்லை. ஓவர்சியரிடம் கேட்டால் 'அந்தக் கவுன்சிலர் கேட்கவில்லை, விட்டுவிட்டோம்' என்கிறார். இப்போது 2026 சட்டமன்றத் தேர்தல் வருகிறது. நடத்தை விதி வந்தால் இதுவும் நிற்குமா?

பழைய_செக்‌ஷன்
ஏற்கெனவே தளத்தில் தொடங்கிவிட்ட வேலை தொடரலாம். ஒப்பந்தம் போட்டும் மண்ணில் கை வைக்காதது மாட்டிக்கொள்ளும். ஆகவே விதி வருவதற்குள் சைட்டை ஒப்படைத்து வேலை தொடங்கியதாக ஆக வேண்டும். செக்ரட்டரிக்கு ஒரு கடிதம், நகல் ஏ.இ.க்கு, தபால் செக்‌ஷனில் கொடுத்து எண் வாங்குங்கள். வாயால் சொன்னால் 'மேடம் சொன்னார்கள்' என்பதோடு முடிந்துவிடும். கடிதத்தில் பழைய வார்டு எண், புது வார்டு எண் இரண்டும், ஒப்பந்தத் தேதியும் இருக்கட்டும். பழைய பில் ட்ரெஷரியில் மாட்டியிருந்தால் ஒப்பந்தக்காரர் வர மாட்டார். அதையும் விசாரியுங்கள், பாதிக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சாக்கடை கட்டும் முன் அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தில் ஆள் போடலாமா என்று கேளுங்கள்.

எல்லைக்கடை
அந்தத் தெருவின் கோடியில் பாலம் ஒன்று இருக்குமே, குழாய் போட்டு மூடினது? சாக்கடை கட்டினாலும் அது அடைத்துக்கொண்டு நின்றால் தண்ணீர் திரும்ப வீட்டுக்குள்தான் வரும். எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது.

புழையோரம்
இருக்கிறது அண்ணா. அது பி.டபிள்யூ.டி. ரோட்டுக்கு அடியில்.

எல்லைக்கடை
அப்போ கடிதம் இரண்டு.

புழையோரம்
இரண்டும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன். கோயம்புத்தூர்க்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லையாம், அவர் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.